பதினெட்டு வயதுக்குப் பிறகு...?

காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருபவர்களுக்கு அது ஜாலி! ஆனால் மேலே ஆலத்தூர் நாடு போன்ற ஓர் ஊரில், கை கால்கள் சொன்னபடி கேட்காத ஒருவர் இருந்தால்? ஒரு நண்பரைப் பார்க்க நாமக்கல் வரை இறங்கி வருவது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

மூளை முடக்குவாதம் என்பது, பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளையில் ஏற்படும் பாதிப்பால் வருவது. தொற்றுநோய் அல்ல. வயது ஏற ஏற அந்தப் பாதிப்பு வளர்வதும் இல்லை. பலருக்கு அறிவில் எந்தக் குறையும் கிடையாது, பேச்சு மட்டும் தெளிவாக வராது. கேட்பவர்களுக்குத்தான் பொறுமை இல்லை!

இது குழந்தைகளின் பிரச்சனை என்றே பலர் நினைக்கிறார்கள். குழந்தைகள் வளர மாட்டார்களா என்ன? சென்னையில் 1985-ல் தொடங்கப்பட்ட வித்யாசாகர் போன்ற அமைப்புகள் படிப்பும் பயிற்சியும் தருகின்றன. அதற்குப் பிறகு? கூடப் படித்தவர்கள் வேலை, கல்யாணம் என்று போய்விடுவார்கள். இவருக்கு நான்கு சுவர், பேச்சுத் துணைக்கு அம்மா. இளம் வயதிலேயே மூட்டுவலி, அசதி வேறு. மற்றவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

கொல்கத்தாவின் ஜீஜா கோஷ் வீட்டோடு இருந்துவிடவில்லை. 2012 பிப்ரவரி 19 அன்று, கோவாவில் ஒரு மாநாட்டுக்காக ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். உடல்நிலையைக் காரணம் காட்டி இறக்கிவிட்டார்கள். அந்த மாநாடே மாற்றுத்திறனாளிகளைப் பற்றியதுதான்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 மே மாதம், அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த மாநாட்டில் அவர் சந்தித்திருக்கக்கூடிய மனிதர்கள்? அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. தெரிந்தவர் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள். ஆனால் காப்பீடு ஆஸ்பத்திரி செலவைத்தான் கொடுக்கும், நண்பனைக் கொடுக்காது.

அதற்குப் பணம் வேண்டாம். பக்கத்தில் நிற்பவரிடம் "இவருக்கு காபி வேணுமா?" என்று கேட்காமல், அவரிடமே கேளுங்கள். அவர் ஆரம்பித்த வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். பதில் வர இரண்டு நிமிடம் ஆனால் ஆகட்டுமே!