பிரிந்தவர் கூடும் வழி

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் லிஸ்டூன்வார்னா என்றொரு சிற்றூர். கனிம நீரூற்றுகளால் பெயர் பெற்றது. அறுவடை முடித்து அந்நீரை நாடி வந்த உழவர்களுக்குத் தரகர்கள் அங்கே மணம் பேசினர். இன்றும் செப்டம்பர் தோறும் மணத்தரகு விழா நடைபெறுகிறது. இத்தகைய ஊர்களைக் களமாகக் கொண்ட கதைகளில் என்னைக் கவர்வது, பிரிந்துபோன காதலர் நரைகூடிய பருவத்தில் மீண்டும் சந்திக்கும் கட்டமே.

கதையில் எளிதாகக் கூடுவது அந்நாட்டு வாழ்வில் கூடவில்லை. 1937ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் மணவிலக்கையே தடுத்திருந்தது. கணவனைப் பிரிந்து பல்லாண்டு தனித்திருந்தவள், கப்பலேறிச் சென்ற பழைய அன்பன் திரும்பி வந்து நின்றாலும் அவனை மணக்க வழியில்லை. தடையை நீக்க 1986இல் நடந்த வாக்கெடுப்பு தோற்றது. 1995இல் வென்றது, வேறுபாடு வெறும் 9,114 வாக்குகள்!

இதை எண்ணும்போதெல்லாம் நபித்தோழர் மஅகில் இப்னு யசார் (ரலி) அவர்கள் என் நினைவில் எழுகிறார்கள். அவர்களின் சகோதரியை விலக்கியவர், இத்தா முடிந்தபின் மீண்டும் பெண் கேட்டு வந்தார். சகோதரருக்கோ சினம், சகோதரிக்கோ இசைவு. ‘தடுக்காதீர்கள்’ என்று பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 232ஆம் வசனம் அப்போது இறங்கிற்று. மஅகில் (ரலி) சினத்தை விழுங்கி, மணமுடித்து வைத்தார்கள்.

நம் வீடுகளில் விலக்குப் பெற்ற பெண்ணின் மறுமணத்தைத் தடுப்பது சட்டமன்று. உடன்பிறந்தாரின் வீம்பும் ஊராரின் நாவுமே. அயர்லாந்து மக்கள் அரும்பாடுபட்டுத் திறந்த கதவு, நமக்குத் திறந்தே தரப்பட்டது. அதைச் சாத்த நாம் யார்?