நாலு லைட்டும் ஒரு தழைக்கொத்தும்

நெல்லிவாசல்நாட்டுக்குப் போக பாஸ்போர்ட் வேண்டாம். ஜவ்வாது மலையில் 'நாடு' என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு தொகுதி, அவ்வளவுதான். புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று திருப்பத்தூர் மாவட்டத்திலேயே மூன்று 'வெளிநாடுகள்' உண்டு.

நாங்கள் போனது நண்பனின் வீட்டு வேனில். பழைய வேனை வாங்கி உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க், குட்டி மோட்டார், ஃபேன் என்று சகலமும் வைத்திருந்தான். 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவை அறிவித்ததிலிருந்து அவனுக்கு இந்தப் பித்து. "வாடகையில்லாத வீடுடா!" என்பான். டீசல் போடுவது மட்டும் நான்.

சாயங்காலம் ஆறு மணி. ஒரு திருப்பத்தில் இன்ஜின் சூடேறி ஆவி கக்கியது. ஓரமாக நிறுத்த ஓரம் இருந்தால்தானே! ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஹஸார்டு லைட்டைப் போட்டான். நம்மூரில் இந்த லைட்டை 'நான் நேரா போறேன்' என்று சொல்லத்தான் பலரும் போடுகிறார்கள். நிஜத்தில் அது 'நான் எங்கேயும் போகலை, பார்த்து வா' என்று சொல்வதற்கு.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க உள்ளே போய் மோட்டாரைத் தட்டினான். நாலு லைட்டும் ரெண்டு தடவை கண்ணடித்துவிட்டு அணைந்துபோயின.

கொடுவாளோடு அந்த வழியே வந்த பெரியவர் ஒருவர் நின்றார்.

"மேலேர்ந்து பஸ்ஸு வர்ற நேரம் தம்பி. லைட்டு இல்லாம நிக்கிறீங்களே!"

பதிலுக்குக் காத்திராமல் ஒரு கிளையை வெட்டி, திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஐம்பதடி தள்ளி ரோட்டில் போட்டு, கல் வைத்தார். கீழ்ப்பக்கம் இன்னொன்றை நான் வைத்தேன். இதே மலையில்தான் 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள காவலூர் வானாய்வகம் இருக்கிறது. நட்சத்திரம் பார்க்கத் தோதான இருட்டு. நின்றுபோன வேனுக்கு ஆகாத இருட்டு.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும். அரைமணி நேரம் ஆறட்டும் என்று லைட்டைப் பிடித்துக்கொண்டோம்.

"பல்பு போயிருக்கும்டா."

"நாலுமா ஒரே நேரத்துல?"

சாவியைத் திருப்பி இடது, வலது இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தோம். ஜோராக எரிந்தன. பல்பு, ஒயர், சிமிட்ட வைக்கும் ஃப்ளாஷர் எல்லாம் இரண்டுக்கும் பொது. ஆக, அவை நிரபராதிகள். ஆனால் இண்டிகேட்டருக்கு சாவி போட்டால்தான் கரண்ட். ஹஸார்டுக்கோ பாட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ் வழியாக எப்போதும் கரண்ட். பாக்கி சந்தேகம் அந்த ஃப்யூஸும் சுவிட்சும்தான். ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டாலும் இப்படித்தான். சரியானதை டிக் அடித்துக்கொண்டே போனால் தப்பு தானாக மாட்டும்.

"ஃபேனும் நின்னுடுச்சுடா" என்றான்.

பொறி தட்டியது. "ஃபேனுக்கு எங்கேர்ந்து கரண்ட் எடுத்தே?"

திருதிருவென்று விழித்தான். சாவி இல்லாமலே கரண்ட் வருகிறதே என்று ஹஸார்டு லைனிலேயே ஃபேனுக்கும் மோட்டாருக்கும் ஒட்டுப் போட்டிருக்கிறான்! 21 வாட் பல்பு நாலுக்கே, 12 வோல்ட்டில் 7 ஆம்பியர் ஆகிறது. அதன் தலையில் ஃபேனும் மோட்டாரும் ஏறினால்? 10 ஆம்பியர் ஃப்யூஸ் உயிரை விட்டிருந்தது.

"சிகரெட் பாக்கெட் ஜிகினாத்தாளைச் சுத்திடலாமா?"

"அப்புறம் ஃப்யூஸுக்குப் பதிலா ஒயர் எரியும். உள்ளே காஸ் சிலிண்டர் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்!"

ஒட்டை வெட்டி டேப் சுற்றினோம். ரேடியோவிலிருந்து அதே 10 ஆம்பியர் சிவப்பு ஃப்யூஸைப் பிடுங்கிச் செருகினோம். நாலும் கண்ணடித்தன. ஐந்து நிமிஷத்தில் பஸ் வந்தது. தழையைப் பார்த்ததுமே வேகம் குறைத்து, லைட்டைப் பார்த்து ஒதுங்கி, உரசாத குறையாகத் தாண்டிப் போனது.

இன்ஜின் ஆறி, தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் குஷியாகக் கிளம்பினோம். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தழையையும் கல்லையும் யாரு எடுப்பாங்க? ராத்திரில பசங்க பைக்குல வருவாங்க தம்பி."

ஃப்யூஸ் மாற்றத் தெரிந்த பெருமையில் ரெண்டு பேருக்கும் அது மறந்தே போயிருந்தது. இறங்கி ஆளுக்கொரு பக்கம் ஓடினோம்.