தூக்கி நிறுத்தப்பட்ட தீவு

வேளச்சேரியில் எங்கள் தந்தையார் 1976-ஆம் ஆண்டு கட்டிய வீட்டிற்கு அந்நாளில் நான்கு படிகள் இருந்தன. தெருவிலிருந்து அந்நான்கையும் ஏறித்தான் திண்ணையை அடைய வேண்டும். தெருவுக்குத் தார் போடும்போதெல்லாம் பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டுச் சென்றார்கள். முதற்படி மறைந்தது. சில ஆண்டுகள் கழித்து இரண்டாம் படியும் மறைந்தது. வீடு புதைகிறதோ என்று விருந்தினர் கேட்கும் அளவுக்குத் தெரு வளர்ந்தது. 2015-ஆம் ஆண்டில் தெருவிலிருந்து ஒரு படி இறங்கியே வீட்டிற்குள் நுழைந்துகொண்டிருந்தோம். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் இடுப்பளவு நீர் உள்ளே புகுந்தது. தந்தையாரின் புத்தகங்கள், தங்கையின் திருமணப் படங்கள், அரிசி, படுக்கை என்று எதுவும் தப்பவில்லை. தாயாரை மொட்டை மாடியில் இரண்டு இரவுகள் வைத்திருந்தோம்.

அதன்பின் நான்கு ஆண்டுகள் எங்கள் குடும்பத்தில் ஒரே வழக்கு. இடித்துவிட்டுத் தூண்களின் மேல் புதிய வீடு கட்டலாம் என்றான் தம்பி. விற்றுவிடலாம் என்றாள் தங்கை. அம்மாவோ, “உங்கப்பா கட்டிய சுவரில் கடப்பாரை விழுவதை நான் பார்க்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார்கள். மூத்தவனாகிய நான் யாருக்கும் மறுமொழி சொல்லாமல் காலத்தைக் கடத்தினேன். உண்மையைச் சொன்னால், எனக்கு எதுவும் தோன்றவில்லை.

2019-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரில் வாழும் என் மகளைக் காணச் சென்றிருந்தேன். ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும், “அப்பா, நம் வீட்டுச் சண்டைக்கு விடை சொல்லும் ஊர் ஒன்று இருக்கிறது, வாருங்கள்” என்று காரில் ஏற்றிக்கொண்டாள். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தென்கிழக்கே சென்று, நீண்ட பாலம் ஒன்றைக் கடந்து கால்வெஸ்டன் தீவை அடைந்தோம். மெக்சிகோ வளைகுடாவின் ஓரமாகக் கிடக்கும் மெல்லிய மணல் திட்டு அது. அதன் நீளம் 27 மைல். அகலமோ மிகுந்த இடத்திலும் 3 மைல்தான். முன்புறம் கடல், பின்புறம் விரிகுடா.

இத்தீவை விழுங்கிய புயல் வந்த நாளைக் கேட்டதும் நான் திடுக்கிட்டேன். 1900-ஆம் ஆண்டு செப்டம்பர் 8. அன்னை மரியாளின் பிறந்த நாள். நாம் வேளாங்கண்ணியில் கொடியிறக்கி மகிழும் அதே நாள். அன்று சனிக்கிழமை. தீவில் மிக உயர்ந்த நிலமே கடல் மட்டத்திற்கு மேல் 9 அடியை எட்டவில்லை. கடலோ 15 அடிக்கு மேல் எழுந்து வந்தது. 3,600-க்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டமாயின. நகரில் மட்டும் இறந்தோர் 6,000-க்குக் குறையார். 8,000 என்று சொல்வோரும் உண்டு. கடற்கரையில் மனித அவதார வார்த்தையின் அன்புச் சகோதரிகள் நடத்திவந்த அனாதை இல்லத்தில் 10 அருட்சகோதரிகளும் 90 குழந்தைகளும் மாண்டனர். துணி உலர்த்தும் கயிற்றால் சிறுவர்களைத் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டு சகோதரிகள் நின்றார்களாம். மூன்று சிறுவர்கள் மட்டும் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தனர். அவ்விடத்தில் இப்போது கடற்சுவரின் ஓரமாக ஒரு நினைவுப் பலகை நிற்கிறது. அதன் முன் என் மகள் செபமாலையை எடுத்தாள். என்னால் சொற்களைக் கோக்க இயலவில்லை.

அத்தனை பேரை இழந்த ஊரை விட்டு மக்கள் போய்விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களோ மூன்று பொறியாளர்களை அழைத்து வழி கேட்டார்கள். அம்மூவரில் ஒருவர் ஓய்வுபெற்ற தளபதி ஹென்றி மார்ட்டின் ராபர்ட். கூட்டங்களை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு 1876-இல் விதி நூல் எழுதி உலகப் புகழ் பெற்றவரும் இவரே. (நம் பங்குப் பேரவைக் கூட்டங்கள் சிலவற்றில் அமர்ந்திருக்கும்போது அந்நூலை நான் ஏக்கத்தோடு நினைத்ததுண்டு.) கடலை நோக்கி 17 அடி உயரத்தில் ஒரு சுவர் எழுப்புங்கள், பிறகு ஊரையே உயர்த்துங்கள் என்று அவர்கள் கூறினர். சுவரின் முதற்பகுதி 1904-இல் முடிந்தது. அலை மோதினால் மேல்நோக்கி வளைந்து திரும்பும்படி அதன் முகத்தைக் குழிவாக அமைத்திருக்கிறார்கள். அதன்மேல் இன்று மக்கள் மாலையில் உலாவுகிறார்கள், குழந்தைகள் மிதிவண்டி ஓட்டுகிறார்கள்.

ஆயினும் என்னைக் கட்டிப்போட்டது அச்சுவரன்று. ஊரை உயர்த்திய கதையே. ஏறக்குறைய 500 தெருச் சதுக்கங்கள், 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் திருகு ஜாக்கிகளை வைத்து, கையால் திருகி, சிறிது சிறிதாக மேலேற்றினார்கள். சில இடங்களில் ஓரிரு அடி, சில இடங்களில் 10 அடிக்கும் மேல். வீடுகளோடு நீர்க்குழாய்களும், கழிவுநீர்க் குழாய்களும், டிராம் தண்டவாளங்களும் உயர்ந்தன. ஊரின் நடுவே ஒரு கால்வாய் வெட்டி, அதன் வழியே தூர்வாரும் கப்பல்களைக் கொண்டுவந்து, கடல் மணலும் உப்புநீரும் கலந்த குழம்பைக் குழாய்களால் வீடுகளின் அடியில் பாய்ச்சினார்கள். நீர் வடிந்தது, மணல் நின்றது. கால்வாய்க்கு இடம் கொடுக்க அப்புறப்படுத்திய வீடுகளை வேலை முடிந்ததும் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார்களாம். 1903-இல் தொடங்கிய இவ்வேலை முடிய ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை மக்கள் உயரமான மரப்பாலங்களின் மேல் நடந்து கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்தனர். கீழே சேறும் நாற்றமும். மரங்கள் உப்பில் பட்டுப்போயின. பெண்கள் கூடிச் சங்கம் அமைத்து, உப்புக்கு அஞ்சாத அரளிச் செடிகளை ஊரெங்கும் நட்டனர்.

புனித பத்ரிசியார் ஆலயத்திற்கு மகள் என்னை அழைத்துச் சென்றாள். 3,000 டன் எடையுள்ள செங்கல் ஆலயம். அதன் அடியில் 700 ஜாக்கிகளை வைத்து 5 அடி உயர்த்தியிருக்கிறார்கள். அந்நாள்களிலும் வழிபாடு நிற்கவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்கள். நான் கடைசி இருக்கையில் அமர்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூலை ஓர் அங்குலம் முந்தினாலும் சுவர் பிளந்திருக்கும். எழுநூறு திருகுகளும் ஒரே வேளையில் ஒரே அளவு திரும்ப வேண்டுமே! அதைச் செய்த தொழிலாளரின் பெயர்களை ஒரு கல்லில் பொறித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

எல்லாரும் வீட்டை உயர்த்திவிடவில்லை. மணலின் செலவு பொதுப்பணத்தைச் சேர்ந்தது. வீட்டைத் தூக்கும் செலவோ வீட்டுக்காரரைச் சேர்ந்தது. 1859-இல் கட்டப்பட்ட ஆஷ்டன் மாளிகையை உயர்த்தாமல் அதன் நிலவறையை மணலால் நிரப்பிவிட்டார்கள். அழகிய வார்ப்பிரும்பு வேலி ஒன்று அதைச் சுற்றி நிற்கிறது. குழந்தைகளுக்காகக் கட்டிய வேலியோ என்று எண்ணினேன், அத்தனை குட்டை. அதன் கீழ்ப்பாதி மண்ணுக்குள் இருப்பதாக மகள் சொன்னாள். அதைக் கேட்டதும் எங்கள் வீட்டின் மறைந்த படிகள் என் கண்முன் வந்தன.

1915-இல் மீண்டும் ஒரு பெரும்புயல் வந்தது. இம்முறை சுவர் தாங்கியது. நகருக்குள் உயிரிழந்தவர் மிகச் சிலரே. ஆனால் 2008 செப்டம்பர் 13 அன்று வந்த ஐக் புயல் வேறு வழியில் புகுந்தது. பின்புற விரிகுடாவின் நீர் பொங்கிச் சுவர் இல்லாத பக்கமாக ஊருக்குள் நுழைந்தது. மேடாக்கிய நிலம் கடற்சுவரிலிருந்து விரிகுடாவை நோக்கிச் சரிவதால் அங்குள்ள பழைய வணிகத் தெருக்களில் ஆளுயரத்துக்கு மேல் நீர் நின்றது. ஒருபுறம் மட்டும் காவல் வைத்தவனுடைய கதைதான்.

ஐக் புயலுக்குப் பிறகு மீண்டும் வீடுகளைத் தூக்கியிருக்கிறார்கள். நூறாண்டு கண்ட மர வீடுகள் ஆளுயரக் கம்பங்களின் மேல், நீண்ட படிக்கட்டுகளோடு, கொக்குகளைப் போல நிற்கின்றன. ஒரு தெருவில் வேலை நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வையிட்ட முதியவரிடம் மகளின் உதவியோடு பேசினேன். வெள்ளத்தால் கெட்ட வீட்டைப் பழுதுபார்க்க அதன் மதிப்பில் பாதியோ அதற்கு மேலோ செலவாகுமானால், குறிக்கப்பட்ட வெள்ள மட்டத்திற்கு அதை உயர்த்தியாக வேண்டும் என்பது அங்கே விதி. வரலாற்றுச் சின்னமாக ஏற்கப்பட்ட வீடுகளுக்கு அதில் விலக்கு உண்டு. விலக்கு உண்டென்று நீர் விட்டுவிடுமா என்று அவர் சிரித்தார். கீழ்த்தளத்தை அடைத்துச் சுவர் வைப்பவர்கள், தரையிலிருந்து ஓரடிக்குள் நீர் தானே புகுந்து தானே வடியும்படி திறப்புகள் விட வேண்டும். நீரை முற்றிலும் தடுத்து நிறுத்தப் பார்த்தால் ஒருபுறத்து நீரின் பாரமே சுவரைத் தள்ளிவிடும். மின்சாரப் பெட்டியை மேலே ஏற்றிவிட வேண்டும். கம்பங்களின் மேல் நிற்கும் வீட்டுக்குக் காற்றின் தாக்குதல் அதிகம். ஆகவே கூரையிலிருந்து கடைக்கால் வரை இரும்புப் பட்டைகளால் பிணைக்க வேண்டும். அவர் சொன்னவற்றை ஒரு உறையின் பின்புறம் குறித்துக்கொண்டேன். அவ்வுறை இன்னும் என்னிடம் இருக்கிறது.

“எங்கள் ஊரில் தெருவை மட்டும் உயர்த்துகிறார்கள், வீட்டை யாரும் நினைப்பதில்லை” என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் நீர் எங்கே போகும்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் தம்பியை அழைத்தேன். சென்னையிலும் சில ஆண்டுகளாக இவ்வேலை நடைபெறுகிறது. ஹரியானாவிலிருந்து வரும் தொழிலாளர் இதில் கைதேர்ந்தவர்கள். முதலில் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துச் சுவரையும் கடைக்காலையும் மண்ணையும் சோதித்தோம். விரிசல் கண்ட சுவரும் துருவேறிய கம்பியும் உள்ள வீட்டைத் தூக்குவதைவிட இடித்துக் கட்டுவதே நலம் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். எங்கள் வீடு தேறியது. தந்தையார் கடைக்காலில் கஞ்சத்தனம் செய்யவில்லை.

சுவர்களின் அடியில் சிறிது சிறிதாகத் தோண்டி, தரைமட்டத்திற்குக் கீழே செங்கலை உடைத்து, இரும்புச் சட்டங்களைச் செருகி, அவற்றின் கீழே வரிசையாக ஜாக்கிகளை வைத்தார்கள். மேஸ்திரி குரல் கொடுக்க, எல்லாரும் ஒருசேரத் திருகினார்கள். ஒரு நாளைக்குச் சில அங்குலங்கள். இடைவெளியில் புதிய சுவர் எழ எழ ஜாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். சுவரோடு நிலைகளும் சன்னல்களும் அப்படியே மேலே வந்தன. ஆனால் தரை வரவில்லை. இதை நான் முன்னமே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அம்மா நாற்பது ஆண்டுகள் தேங்காய் எண்ணெய் தேய்த்து மெருகேற்றிய அந்தச் சிவப்புக் காவித் தரை கீழேயே கிடந்தது. அதன்மேல் நான்கடி மணல் நிரப்பிப் புதிய கல் பதிக்க வேண்டும். மணல் கொட்டுவதற்கு முன்னாள் மாலை, அம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, சமையலறை இருந்த இடத்தில் சிறிது நேரம் நின்றார்கள். பிறகு, “சரி, கொட்டச் சொல்” என்றார்கள்.

கழிவுநீர்த் தொட்டியையும் குழாய்களையும் புதிதாக அமைக்க நேர்ந்தது. வீட்டைத் தூக்குகிறவர்கள் தரும் கணக்கில் இவை வருவதில்லை என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னும் ஒரு கூட்டத்திற்குத் தெருவார் எல்லாரையும் அழைத்து, இனிப் புதிய தார் போடுமுன் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று கையெழுத்திட்டு மனுக் கொடுத்தோம். வந்தவர்கள் பதினொரு பேர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது தெருவில் நீர் ஓடியது. எங்கள் புதிய படிகளில் இரண்டை நனைத்து அது நின்றுவிட்டது. வீட்டை உயர்த்த வசதியில்லாத எதிர்வீட்டு மூதாட்டியின் வீட்டிலோ கட்டில் மிதந்தது. தம்பியும் அவன் மகனும் அவரைத் தோளில் தூக்கி வந்து எங்கள் கூடத்தில் அமர்த்தினார்கள். மேலும் இரண்டு குடும்பங்கள் வந்தன. மின்சாரம் இல்லை. அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சினார்கள். மூதாட்டி சன்னல் வழியே நீர் புகுந்த தம் வீட்டைப் பார்த்துக்கொண்டே, “உங்கள் வீட்டை உயர்த்தியதால் உங்கள் பங்கு நீரும் என் வீட்டுக்குத்தானே வருகிறது?” என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். அம்மா அவர் கையில் கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.