கைரேகை சொன்ன பலன்... அப்பா அமைத்த பேண்ட்! ஃப்ரீமான்ட் ஊரின் விநோத இசைக் கதை

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து வடக்கே காரில் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், ஃப்ரீமான்ட் போய்ச் சேர. நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில், எக்ஸெட்டர் ஆற்றின் ஓரம் இருக்கிற சின்ன ஊர். சுற்றிலும் மரங்கள், நடுவே வீடுகள். ஒருகாலத்தில் மரப் பீப்பாய் செய்வதற்குப் பேர்போன இடம். முதலில் பாப்லின் என்றுதான் பெயர். 1854-ல்தான் ஃப்ரீமான்ட் ஆனது.

சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், 1800-ல் கட்டிய மரத்தாலான பழைய கூட்ட மண்டபத்தைக் காட்டுவார்கள். அதன் இரண்டு முனைகளிலும் மாடிப்படிகளுக்கென்றே கட்டிய இரண்டடுக்கு முகப்புகள் உண்டு. வரலாற்று ஆர்வலர்கள் அதைப் பார்க்கப் போவார்கள்.

ஆனால் உலகெங்கும் இருக்கும் இசைப் பித்தர்களுக்கு ஃப்ரீமான்ட் என்றால் நினைவுக்கு வருவது வேறொரு கட்டடம்... டவுன் ஹால்! 'உலகின் மிக விநோதமான பேண்ட்' என்று பலரும் கைகாட்டுகிற 'தி ஷாக்ஸ்', 1960-களின் கடைசியில் சனிக்கிழமைதோறும் வாசித்தது அங்கேதான்.

மூன்று பலன்கள்

கதையின் தொடக்கம் ஒரு கைரேகை ஜோசியம். எக்ஸெட்டர் ஊரின் பருத்தி ஆலையில் வேலை பார்த்தவர் ஆஸ்டின் விக்கின். அவர் இளைஞராக இருந்தபோது, அவருடைய அம்மா மகனின் கையைப் பார்த்து மூன்று பலன்கள் சொன்னாராம். செம்பொன் நிறக் கூந்தல் உள்ள பெண்ணை மணப்பாய். நான் இறந்த பிறகு உனக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறக்கும். உன் மகள்கள் ஓர் இசைக்குழு அமைத்துப் புகழ் பெறுவார்கள்.

முதல் இரண்டும் அப்படியே பலித்தன. மூன்றாவது தானாக நடக்கும் என்று ஆஸ்டின் காத்திருக்கவில்லை. மகள்கள் ஹெலன், டாட், பெட்டி மூவருக்கும் இசைக்கருவிகள் வாங்கினார். டாட்டுக்கும் பெட்டிக்கும் கிட்டார், ஹெலனுக்கு டிரம்ஸ். பள்ளியிலிருந்து நிறுத்தி, தபால் வழிப் படிப்பில் சேர்த்தார். குழுவின் பெயரையும் அவரே வைத்தார். அன்றைக்கு ஃபேஷனாக இருந்த 'ஷாக்' கூந்தல் அலங்காரமும், சடைமுடி நாய்களும் மனதில் இருந்தனவாம்.

மூவரில் ஒருவர்கூட பேண்ட் வேண்டும் என்று கேட்டதில்லை. அது அப்பாவின் ஆசை என்று டாட்டும் பெட்டியும் பிற்காலப் பேட்டிகளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

காலையில் பயிற்சி, பிற்பகலில் பயிற்சி, அப்பா ஆலையிலிருந்து திரும்பியதும் அவர் முன்னால் மறுபடி பயிற்சி. அதற்குப் பிறகு உடற்பயிற்சி. நண்பர்களோடு வெளியே போக அனுமதி இல்லை. மற்றவர்களின் கச்சேரிகளுக்குப் போனதும் இல்லை. வெளியுலகின் இசை அவர்களுக்கு வந்து சேர்ந்த வழி, ரேடியோ மட்டும்தான்.

சனிக்கிழமை டவுன் ஹால்

1968-ல் எக்ஸெட்டரில் நடந்த திறமைப் போட்டி ஒன்றில் மூவரும் மேடை ஏறினார்கள். கூட்டம் கேலி செய்தது. சோடா கேன்கள் மேடைக்குப் பறந்தன. இத்தோடு போதும் என்று மகள்கள் நினைத்திருக்கலாம். அப்பாவோ, இன்னும் பயிற்சி வேண்டும் என்றார்.

அதன் பிறகுதான் ஃப்ரீமான்ட் டவுன் ஹாலில் சனிக்கிழமை நடன இரவுகள் தொடங்கின. அன்றைக்கு ஊரின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ ஆயிரம் பேர். இளைஞர்களுக்குச் சனிக்கிழமை இரவில் வேறு போக்கிடம் ஏது? வந்தார்கள், ஆடினார்கள், கிண்டலும் செய்தார்கள். சில நாள்களில் மேடைக்குப் பொருள்களும் பறந்தன. ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். இப்படியே 1973 வரை ஓடியது.

அப்படி என்ன விநோதம்?

1969 மார்ச்சில், பாஸ்டனை ஒட்டிய ரெவியர் நகரின் ஃப்ளீட்வுட் ஸ்டூடியோவுக்கு மகள்களை அழைத்துப் போனார் ஆஸ்டின். இவர்கள் இன்னும் தயாராகவில்லை என்று அங்கிருந்தவர்கள் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. 'ஃபிலாசஃபி ஆஃப் தி வேர்ல்டு' ஆல்பம் உருவானது. மொத்தம் 12 பாடல்கள்.

கேட்டவர்கள் திகைத்துப்போவது ஏன் என்பது முதல் பாட்டிலேயே புரிந்துவிடும். கிட்டார்கள் சுருதி சேராமல் ஒலிக்கின்றன. டிரம்ஸ் வேறொரு பாட்டுக்கு வாசிப்பதுபோல அதன் போக்கில் போகிறது, திடீரென நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது. டாட் எழுதிய மெட்டுகளோ, பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகின்றன. குரல் போகிற இடத்துக்கெல்லாம் கிட்டாரும் கூடவே போகிறது.

தப்புத்தப்பாக வாசிக்கிறார்கள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரு வரி முடிகிற இடத்தில் மூவரும் சேர்ந்தே நிற்கிறார்கள். அவர்களுக்குள் ஏதோ ஒரு கணக்கு ஓடுகிறது. அது நமக்குப் பிடிபடாத கணக்கு!

பாடல்களின் பொருள் மிக எளிமை. தொலைந்துபோன பூனையைத் தேடுவது பற்றி ஒரு பாட்டு. ஃபுட் ஃபுட் என்ற அந்தப் பூனை, டாட் நிஜமாகவே வளர்த்தது. ஹாலோவீன் பண்டிகை பற்றி ஒன்று. பெற்றோர்தான் உண்மையான அக்கறை உள்ளவர்கள் என்று சொல்லும் பாட்டு ஒன்றும் உண்டு. அந்த வீட்டின் நிலவரம் தெரிந்த பிறகு அதைக் கேட்டால் மனம் கனத்துப்போகிறது. அதை மனதாரத்தான் எழுதினாரா, அப்பா கேட்பார் என்று எழுதினாரா? இரண்டுமாகக்கூட இருக்கலாம்.

ஆல்பம் 1,000 பிரதிகள் அச்சானது. அதில் 900 பிரதிகள், வெளியிட ஒப்புக்கொண்டவரோடு சேர்ந்து காணாமல் போயின. புகழ் வரவில்லை.

அப்பாவுக்குப் பிறகு

1975-ல் மாரடைப்பால் இறந்தார் ஆஸ்டின். வயது 47. மகள்கள் உடனே பேண்டைக் கலைத்தார்கள். மூவரும் கல்யாணம், குழந்தைகள், வேலை என்று சாதாரண வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். ஹெலன், அப்பா இருந்தபோதே அவருக்குத் தெரியாமல் திருமணம் செய்துகொண்டு, அதைச் சொல்லப் பயந்து சில மாதங்கள் பெற்றோர் வீட்டிலேயே இருந்தவர்.

விக்கின் குடும்பம் வாழ்ந்த வீட்டைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். பின்னாளில் அதை வாங்கியவர், ஆஸ்டினின் ஆவி அங்கே உலவுகிறது என்று நம்பினாராம். கடைசியில் வீட்டை ஊர் தீயணைப்புத் துறைக்கே கொடுத்துவிட, அவர்கள் பயிற்சிக்காக அதை எரித்துவிட்டார்கள்.

ஆனால் மிச்சமிருந்த சில பிரதிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. 'என்.ஆர்.பி.கியூ' என்ற பேண்டின் டெரி ஆடம்ஸ் அதைக் கேட்டு வியந்துபோய், 1980-ல் ஆல்பத்தை மறுபடி வெளிக்கொண்டுவந்தார். இசைப் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. 'பீட்டில்ஸைவிட மேல்' என்று ஃபிராங்க் ஸாப்பா சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் 'நிர்வாணா' குழுவின் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த ஆல்பங்களின் பட்டியலில் இதற்கு முன்வரிசையில் இடம் கொடுத்தது, அவர் கைப்பட எழுதிய குறிப்பிலேயே இருக்கிறது. இவர்கள் கதை மேடை இசை நாடகமாகவும் வந்துவிட்டது.

ஹெலன் 2006-ல் காலமானார். 2017-ல் மாசசூசெட்ஸின் நார்த் ஆடம்ஸில் நடந்த இசை விழாவில் டாட்டும் பெட்டியும் மேடையேறினார்கள். உடன் வாசித்த கலைஞர்கள், பழைய பதிவில் இருந்த தாளக் கோணல்களைப் பாடமாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருகாலத்தில் சோடா கேன் வீசவைத்த அதே கோணல்கள்!

பலித்ததா பலன்?

பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்காக உழைத்த அப்பா அதைப் பார்க்கவில்லை. பார்த்த மகள்களோ, இந்தப் பாட்டில் ஜனங்கள் என்னதான் கண்டார்கள் என்று ஆச்சரியப்பட்டார்கள். பள்ளி, தோழிகள், கவலையில்லாத சனிக்கிழமைகள் என்று அவர்கள் விட்டுக்கொடுத்த எதையும் அந்தப் புகழ் திருப்பித் தரவில்லை.

கையிலிருக்கும் செல்போனிலேயே அந்த ஆல்பம் கிடைக்கிறது. ஒரு பாட்டை மட்டும் கேட்டுப் பாருங்கள். அரை நிமிடத்தில் நிறுத்தத் தோன்றும். நிறுத்தாமல் கேட்டால், அந்தக் கோணல்மாணலான சத்தத்துக்கு நடுவே, ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் ஒரே இடத்தில் வந்து சேரப் பார்க்கிற மூன்று சகோதரிகள் கேட்பார்கள். அப்பா போட்டுக்கொடுத்த திட்டத்தில் இல்லாதது அதுதான். அது அவர்களுடையது.