அரை சைஸ்

என் வலது கால் 264 மில்லிமீட்டர். இடது கால் 266. முப்பது வயதுக்குப் பக்கத்தில்தான் இது எனக்குத் தெரிந்தது. அளந்தது அம்மா. தினத்தந்தி தாள் ஒன்றைத் தரையில் விரித்து, குதிகால் சுவரில் முட்டுகிற மாதிரி என்னை நிற்கவைத்து, பென்சிலால் விரல் நுனியில் கோடு போட்டாள். ராத்திரி எட்டு மணிக்கு. காலையில் அளக்கக்கூடாதாம். நாள் முழுக்க நின்று நடந்து கால் கொஞ்சம் ஊதின பிறகு அளப்பதுதான் நிஜமான அளவாம்.

"ரெண்டு காலும் ஒண்ணா இருக்காதுடா. பெருசா கீறதுக்குத்தான் ஷூ எடுக்கணும்."

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் இருந்தவள். முதலில் தையல் மிஷின், பிறகு அப்பர் செக்கிங். காலை 7:10க்கு எங்கள் தெரு முனையில் கம்பெனி பஸ் வரும். நான் பெங்களூரில் வேலை பார்த்த வெப் கம்பெனி 2020 ஏப்ரலில் ஆட்களைக் குறைத்தபோது வீட்டுக்குத் திரும்பி, ஃப்ரீலான்ஸ் வேலை எடுக்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் அமெரிக்க கிளையண்டுகள். கொலராடோவில் காலை 9 மணி என்றால் நமக்கு ராத்திரி 9:30. கம்பெனி திறந்த பிறகு, நான் லேப்டாப்பை மூடிப் படுக்கிற நேரத்தில் அந்த பஸ் ஹாரன் கேட்கும். அம்மா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். ஒரே வீட்டில் இரண்டு ஷிப்ட்.

2022ல் ஒரு வேலை வந்தது. கொலராடோவில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஸ்னோபோர்டு சாமான்களை வாடகைக்கு விடும் சின்னக் கடை. அவர்களுக்கு முழு வெப்சைட், அதில் புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு "எதை எடுப்பது, எந்த சைஸ்" என்று ஒரு பக்கம். நான் பனியைப் பார்த்ததே கிடையாது. பொய் சொல்லக்கூடாது, ஒருமுறை பார்த்ததாக நினைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் பாலாற்றில் தண்ணீர் வரும்போது சில இடங்களில் ஆளுயரத்துக்கு வெள்ளை நுரை பொங்கி நிற்கும். நான்காவது படிக்கும்போது சைக்கிளில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்து "பனிமலை" என்று சொன்னேன். அது டேனரிக் கழிவு நுரை. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 ஆகஸ்டில். அந்த வருஷம்தான் அம்மா கம்பெனியில் சேர்ந்தாள். அப்பா லாரியில் இருந்தார், வீட்டுக்குப் பணம் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. அந்த ஆற்றைக் கெடுத்த தொழில்தான் எனக்குச் சோறு போட்டது. இதை எந்தப் பக்கமிருந்து சொன்னாலும் பாதிதான் சொன்ன மாதிரி இருக்கிறது.

அந்தப் பக்கத்தை எழுதுவதற்காக இரண்டு வாரம் ஸ்னோபோர்டு பற்றிக் கண்டதையெல்லாம் படித்தேன். 1965 கிறிஸ்துமஸ் அன்று மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாகச் சேர்த்துக்கட்டியதில் தொடங்கி, 1998 நாகானோ ஒலிம்பிக் வரை. எனக்கு அதைவிட ருசியாக இருந்தது சாமான்கள்தான். பலகையின் நீளத்தை முன்பெல்லாம் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவே என்று பார்ப்பார்களாம், இப்போது உடம்பு எடைதான் முக்கியம். கற்றுக்கொள்பவருக்குப் பலகை வளைந்துகொடுக்க வேண்டும், இரண்டு நுனியும் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால் ஓரம் பனியில் சட்டென்று மாட்டாது. ஜாக்கெட், பேண்ட், கண்ணாடி எல்லாம் இரவல் வாங்கலாம். காசு இருந்தால் சொந்தமாக வாங்கவேண்டிய முதல் பொருள் பூட்ஸ். இதை எல்லா அனுபவசாலிகளும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பலகையைத் திருப்புவது கை இல்லை, இடுப்புகூட இல்லை, குதிகாலும் முன்பாதமும். குதிகாலை அழுத்தினால் ஒரு ஓரம் பனியைக் கடிக்கும், முன்பாதத்தை அழுத்தினால் மறு ஓரம். பூட்ஸுக்குள் குதிகால் எழும்பினால் நீங்கள் கொடுக்கிற கட்டளை பலகைக்குப் போய்ச் சேராது.

சைஸ் அட்டவணையைக் கிளையண்ட் அனுப்பியிருந்தார். ஒரு பத்தியில் மாண்டோ அளவு, பக்கத்தில் ஐரோப்பிய சைஸ். 26.5க்கு 42. 27க்கு 42.5. 27.5க்கு 43. ராத்திரி டீ கொண்டுவந்த அம்மா ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னாடா இது, தப்பா போட்டுகினு கீற."

"எதும்மா?"

"நாப்பத்திரெண்டுக்கும் நாப்பத்திமூணுக்கும் ஆறரை மில்லி சொச்சம்தான் வித்தியாசம். இதுல ஒரு சென்டிமீட்டர் ஏறுது பாரு. அரை சைஸ் அடிக்குது."

எனக்குக் கொஞ்சம் சிரிப்பு. ஒன்பதாவது வரை படித்தவள் என் கிளையண்டின் அட்டவணையைத் திருத்துகிறாள். பிறகு போய்ப் பார்த்தேன். ஐரோப்பிய அளவு பாரிஸ் பாயின்ட் என்கிற பழைய பிரெஞ்சுக் கணக்கு. ஒரு சைஸ் என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மில்லி. அதுவும் காலை அளப்பதில்லை, ஷூ செய்கிற கட்டையை, லாஸ்ட் என்பார்களே, அதை அளப்பது. இங்கிலீஷ் சைஸ் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு பார்லி தானியத்தின் நீளம் என்று பேர். மாண்டோ மட்டும்தான் நேராகக் காலின் நீளத்தைச் சொல்கிறது. 26.5 என்றால் 265 மில்லி. மாண்டோ ஐந்தைந்து மில்லியாக ஏறும், ஐரோப்பிய அரை சைஸ் மூன்றேகால் சொச்சமாக ஏறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பொருத்தினால் எங்கேயோ இடிக்கத்தான் செய்யும். இருபத்தைந்து வருஷம் ஸ்கேலை வைத்து அப்பரை அளந்தவளுக்கு அது ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது.

கிளையண்டுக்கு எழுதினேன். எல்லாக் கடையிலும் இப்படித்தான் போடுகிறார்கள், அப்படியே விடு என்றார். சரி என்று, அட்டவணைக்குக் கீழே ஒரு பெட்டி சேர்த்தேன்: காலை மாலையில் அளக்கவும், சுவரில் குதிகாலை வைத்து, மில்லிமீட்டரில், பெரிய காலை. போட்டுப் பார்க்கும்போது நேராக நின்று முடிவு செய்யாதே. முட்டியை மடக்கு, விரல் பின்னால் வரும். அந்தப் பெட்டி இன்றும் அங்கே இருக்கிறது. பேர் இல்லாமல் என் அம்மா கொலராடோவில் ஷூ அளவு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அதைக் கட்டி முடித்த பிறகு எனக்கு ஒரு நமைச்சல். அடுத்த வருஷம் குல்மர்க் போக முடிவெடுத்தேன். ஃப்ரீலான்ஸ் ஆள் எதற்காவது போகவேண்டும் என்றால் இதற்குத்தான் போகவேண்டும் என்று தோன்றியது. என் கூடப் படித்தவர்கள் லீவுக்கு மேனேஜர் முகத்தைப் பார்க்கிறார்கள். அம்மாவின் கம்பெனியில் பாத்ரூம் போகவே டோக்கன் வாங்கவேண்டும், ஒரு லைனுக்கு இரண்டு டோக்கன். நான் யாரிடமும் கேட்கவேண்டாம். 2024 ஜனவரிக் கடைசிக்கு டிக்கெட் போட்டிருந்தேன். அந்த ஜனவரியில் குல்மர்க்கில் பனியே விழவில்லை. புல் காய்ந்து பழுப்பாகக் கிடந்த படங்கள் எல்லாச் செய்தியிலும் வந்தன. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. நான் டிக்கெட்டை இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். எந்த மெயிலும் எழுதாமல், எந்தக் காரணமும் சொல்லாமல் நான் என் தேதியை மாற்றிய அந்த ஐந்து நிமிஷம், உண்மையாகச் சொல்கிறேன், இந்த நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அதுதான்.

மணிக்கட்டுக் காப்பு வாங்கவில்லை. அது என் பட்டியலில் இருந்தது. புதிதாகக் கற்பவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான், விழும்போது கையை ஊன்றுவதால், என்று என் கையாலேயே டைப் செய்திருக்கிறேன். ஆன்லைனில் ஆயிரத்து ஐநூறு சொச்சம். அந்த மாதம் வேறொரு கிளையண்ட் முப்பது நாளில் தரவேண்டிய பணத்தை நாற்பத்தேழு நாளாகத் தராமல் வைத்திருந்தார். பணம் வரட்டும் என்று விட்டேன்.

ஸ்ரீநகரிலிருந்து தங்மர்க், அங்கிருந்து சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியில் குல்மர்க். முதலில் பார்த்த பனியைப் பற்றி ஏதாவது எழுதவேண்டும் என்று நினைத்திருந்தேன். பல் கிட்டித்துப்போனது ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது. வாடகைக் கடையில் பலகை, பைண்டிங், பூட்ஸ். 8 போட்டுப் பார்த்தேன். நின்றேன். பெருவிரல் முன்னால் இடித்தது. 9 போட்டேன், சொகமாக இருந்தது. உள்ளே லைனர் யார் யார் காலிலோ நசுங்கி நசுங்கித் தளர்ந்திருந்தது. முட்டியை மடக்கிப் பார்க்கவில்லை. கடைக்காரர் அவசரப்படுத்தவும் இல்லை. நானாகவே 9ஐ எடுத்துக்கொண்டேன். மணிக்கட்டுக் காப்பு இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டது சம்பிரதாயத்துக்கு. இல்லை என்றதும் சரி என்றேன்.

சொல்லிக்கொடுத்த பையனுக்கு இருபது வயதிருக்கும், கையுறைகூடப் போடாமல் பெரனுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. "குட்னா மோடோ, குட்னா மோடோ" என்று நாள் முழுக்கக் கத்தினான். முட்டியை மடக்கு. முதல் நாள் உட்கார்ந்தும் விழுந்தும் போனது. இரண்டாம் நாள் குதிகால் ஓரத்தில் இடமும் வலமுமாக இறங்க வந்துவிட்டது. மேலே கோண்டோலா அபர்வத்துக்குப் போய்க்கொண்டிருக்கும், கீழே நான் குழந்தைகள் சறுக்குகிற சரிவில் ஒவ்வொரு இருபதடிக்கும் ஒருமுறை கத்திக்கொண்டு. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் முன்பாத ஓரத்துக்கு மாறினேன். மலையைப் பார்த்தபடி, முதுகு பள்ளத்துக்கு. முன்பாதத்தை அழுத்தினேன். பூட்ஸுக்குள் என் குதிகால் எழும்பியது. பூட்ஸ் எழும்பவில்லை. பலகை தட்டையாகி, பள்ளத்துப் பக்கத்து ஓரம் பனியில் மாட்டியது. பின்பக்கமாகப் போனேன், வலது கையைப் பின்னால் ஊன்றினேன். சத்தம் பெரிதாக இல்லை. முறுக்கு ஒடிகிற மாதிரி.

மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பிசைந்து ஸ்பூனோடு வைத்தாள். மறுநாள்தான் கேட்டாள்.

"இதுக்கு லீவு சம்பளம் உண்டாடா?"

2016ல் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து நாற்பது நாள் படுத்திருந்தாள். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்ததால் கூலியில் எழுபது சதவீதம் வந்தது. வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் தருவார்கள். அந்தக் கார்டை அவள் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவளுடைய மேஸ்திரி, டோக்கன், சங்கு எல்லாவற்றையும் நான் எப்போதும் கிண்டல் செய்வேன். "நீ ஜெயில்லருந்து வந்தியாம்மா" என்பேன். நாற்பது நாள் அவள் படுத்திருந்தபோது வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி என்று அப்போது யோசிக்கவில்லை. எனக்கு லீவு கொடுக்க ஆளில்லை என்பதைத்தான் நான் சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று கட்டோடு உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. தோன்றி, உடனே கோபமும் வந்தது. ஏனென்றால் இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அம்மாவுக்கு மாதம் வருகிற பி.எஃப். பென்ஷன் இரண்டாயிரத்துச் சொச்சம். அந்தப் பக்கமும் போய் நிற்க இடமில்லை.

அந்த ஆறு வாரத்தில் இரண்டு வேலை கைவிட்டுப் போயின. ஒன்று மட்டும் மிஞ்சியது. இடது கையால் டைப் செய்தேன். ஷிப்ட், கன்ட்ரோல் மாதிரி இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தவேண்டிய இடம் வந்தால் "அம்மா" என்பேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்ன விசையை அழுத்திப் பிடிப்பாள். தையல் மிஷினில் இருந்த கை, நேரம் தப்பாது. ராத்திரி ஒரு மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டே, "இதுதான் உன் லைனா?" என்றாள். கிளையண்டிடம் கை உடைந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளைப் பார்த்துவிடுவாரோ என்ற பயம். மீட்டிங்கில் கேமராவை அணைத்துவைத்தேன்.

கட்டுப் பிரித்து ஏழெட்டு மாதம் கழித்து, பெங்களூரில் ஒருவர் இரண்டே சீசன் போட்ட பூட்ஸை விற்கிறார் என்று தெரிந்து வாங்கினேன். மாண்டோ 26.5. பார்சல் வந்ததும் அம்மாதான் பிரித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே முழங்கை வரை கையை விட்டுத் தடவினாள். நாக்கை இழுத்துப் பார்த்தாள், சோல் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.

"தையல் நல்லாத்தான் கீது. இந்தக் குதிகாலாண்ட லைனிங் மடிஞ்சி கீது பாரு, ரெண்டு மணி நேரத்துல உரிச்சி வுட்டுடும்."

ஊசி எடுத்துவந்து அந்த மடிப்பைப் பிரித்து, இழுத்து, மறுபடி தைத்தாள். போட்டுக்கொண்டு எழுந்தேன். விரல் முன்னால் இடித்தது. அம்மா என் முட்டிக்குப் பின்னால் தட்டினாள். மடக்கினேன். விரல் பின்னால் வந்தது. அவள் தரையில் குந்தி என் குதிகாலைப் பூட்ஸோடு பிடித்துக்கொண்டு, "இப்ப எழும்பு" என்றாள்.

முன்பாதத்தில் எழும்பினேன்.

"அசையல. எப்பப் போற?"

"பணம் வந்தப்புறம் பாக்கலாம்மா. மொதல்ல அந்த மணிக்கட்டுக் காப்பு வாங்கணும்."

"எவ்ளோ அது?"

சொன்னேன். "அது இன்னா, ரெண்டு பட்டி, நடுவுல ஒரு தகடு," என்று போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே தையல் டப்பாவைப் பக்கத்தில் இழுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லிப் போனைப் பிடுங்கி, ஆர்டர் போட்டேன்.