செக்ரோலின் வெற்றுக் கட்டம்: மூணாறு மலையில் வார இறுதி வந்த வழி

மாட்டுப்பட்டி நீர்த்தேக்கத்தின் கரையோரச் சாலையில் சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாட்களிலும் கொச்சி, மதுரை, கோயம்புத்தூர், பெங்களூரு ஆகிய ஊர்களின் வண்டிகள் வரிசைகட்டி நிற்பதும், மாலை சாய்ந்ததும் அதே கூட்டம் 13 கிலோமீட்டர் கீழே இருக்கும் மூணாறு கடைவீதிக்கு இறங்கி இரவு வெகுநேரம் வரை சாக்லேட், தேயிலை, மசாலாக் கடைகளில் நிறைந்திருப்பதும் இன்று வழக்கமாகிவிட்டன. வார இறுதி என்பது சுற்றுலாவோடு மலையேறி வந்த புதுப்பழக்கம் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஆயினும் ஏழு நாட்களில் ஒரு நாளை உழைப்பிலிருந்து பிரித்தெடுத்து, அந்த நாளுக்கும் அதற்கு முந்திய இரவுக்கும் தனி நிறம் கொடுக்கும் ஏற்பாடு, இந்த மலையில் விடுதிகளும் படகுத்துறையும் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வேரூன்றியிருந்தது. அது எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்பதைத் தேடுவதே இக்கட்டுரையின் வேலை.

தேடலைத் தேயிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1877 ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதன் பின்னர் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த பின்லே மூர் நிறுவனம் இம்மலைகளில் முதலிட, 1897 இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவாயிற்று. காட்டை அழித்துத் தோட்டம் போட ஆள் வேண்டியிருந்தபோது, கங்காணிகள், அதாவது முன்பணம் கொடுத்து ஊர் ஊராக ஆள் சேர்த்து, அவர்களை மலையேற்றி, வேலை வாங்கவும் செய்த இடைத்தரகர்கள், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து குடும்பங்களைப் போடிநாயக்கனூர் வழியாகக் கொண்டுவந்தனர். அவர்கள் குடியமர்த்தப்பட்ட நீண்ட வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். அந்தப் பெயர் இன்றும் மாறவில்லை.

அம்மக்கள் விட்டுவந்த ஊர்களில் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்ற வழக்கம் இருக்கவில்லை என்பதை இங்கே கருதிப்பார்க்க வேண்டும். உழவுக்கு ஓய்வைத் தந்தவை பருவமும் மழையும்; தச்சர், கொல்லர் போன்ற கைவினைஞர்கள் அமாவாசையன்று கருவிகளைத் தொடாமல் இருந்தனர்; கோயில் கொடையும் பொங்கலும் ஆடி மாதமும் ஆண்டின் கூத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் இடம் வகுத்தன. வாரம் என்னும் அளவு அங்கே பெரும்பாலும் சந்தையின் வழியாகவே உணரப்பட்டது. தொழிற்சாலை உழைப்பாளிக்கு வாரந்தோறும் ஒரு நாள் என்ற கருத்துக்கு இங்கிலாந்திலும் இந்தியாவிலும் வேறு வரலாறு உண்டு. 1850 ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளைச் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு நிறுத்தச் செய்தது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு கேட்டதன் விளைவாக 1890 இல் அந்நகரத்து ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறையை ஒப்புக்கொண்டனர். ஆனால் தோட்டம் அந்தச் சட்டங்கள் கருதிய தொழிற்சாலை அன்று. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அவற்றின் நிழல் எட்டவில்லை. தோட்டங்களுக்கென்று இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951 இல் நிறைவேறி 1954 இல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வருவதற்கு முன்பே ஞாயிறு ஓய்வு இம்மலையில் வழக்கமாக இருந்தது என்றால், அதன் தோற்றத்தைச் சட்டத்துக்கு வெளியேதான் தேட வேண்டும்.

அத்தேடல் செக்ரோல் என்னும் பேரேட்டுக்கு இட்டுச் செல்கிறது. செக்ரோல் என்பது தோட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கு நேரே மாதத்தின் நாட்களைக் கட்டங்களாகப் பிரித்து, எந்த நாளில் என்ன வேலை, முழுப்பெயரா அரைப்பெயரா, அதாவது முழுநாள் கூலியா அரைநாள் கூலியா, என்பதைக் குறித்துவைக்கும் ஏடு; அதிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் மஸ்டரே அதன் ஊற்று. மஸ்டர் இல்லாத நாள் கட்டத்தில் வெறுமையாக நிற்கும். அந்த வெறுமைதான் இம்மலையின் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட நிர்வாகத்துக்கு இரக்கத்தைவிட வலுவான காரணங்கள் இருந்தன. துரைகள், அதாவது ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த மேலாளர்கள், ஞாயிற்றைத் தேவாலய நாளாகக் கண்டு வளர்ந்தவர்கள். அதைவிட முக்கியமானது பண்டம் வாங்கும் தேவை. 1929 இல் நியமிக்கப்பட்டு 1931 இல் அறிக்கை தந்த, இந்தியத் தொழிலாளர் நிலை பற்றிய விட்லி ஆணையம் தென்னிந்தியத் தோட்டங்களைப் பற்றி விவரிக்கையில், ஒப்பந்தக் காலம் முடியும்போதே கணக்கு முழுதாகத் தீர்க்கப்படுவதையும், அதுவரை தொழிலாளி முன்பணத்தை நம்பி வாழ்வதையும் எடுத்துக்காட்டுகிறது. கையில் சிறிது சிறிதாகவே காசு வரும் குடும்பம், உப்பும் மிளகாயும் வெற்றிலையும் வாங்கக் கடைக்குப் போயாக வேண்டும். கடையோ மலைச்சரிவுகளைத் தாண்டிப் பல மைல் தொலைவில் இருந்தது. போய்வர ஒரு பகல் முழுவதும் தேவைப்பட்டது. ஆகவே ஞாயிறு என்னும் ஓய்வுநாள் முதலில் சாமான் சுமக்கும் நாளாகவே பிறந்தது என்று கொள்வதே பொருத்தம். ஓய்வு அதன் பக்கவிளைவு.

இதே வெற்றுக் கட்டத்திலிருந்து துரைமாருக்குக் கிடைத்த வார இறுதி முற்றிலும் வேறான உருவம் எடுத்தது. தோட்டங்கள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருந்தமையால், பங்களாக்களில் தனித்து வாழ்ந்த மேலாளர்கள் கூடுவதற்கென மூணாறில் ஹைரேஞ்ச் கிளப் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. தங்கும் அறைகள், ஆடுகளங்கள், மதுக்கூடம் ஆகியவற்றோடு இன்றும் இயங்கும் அந்தக் கிளப்பின் மதுக்கூடச் சுவரில், நெடுங்காலம் இம்மலையில் பணிபுரிந்த தோட்ட அதிகாரிகளின் தொப்பிகள் மாட்டப்பட்டிருக்கின்றன. சனிக்கிழமை இரவில் நடனமும் விருந்தும், ஞாயிறு காலையில் 1910ஐ ஒட்டிக் கட்டப்பட்ட கிறைஸ்ட் சர்ச்சில் வழிபாடு என்ற ஒழுங்கு இங்கிலாந்தின் கிராமப்புற மேட்டுக்குடி வாழ்வை அப்படியே பெயர்த்து நட்டது போன்றது. துரைமாரின் வேட்டை ஆர்வத்துக்கும் இவ்வாழ்வில் பெரிய பங்கு உண்டு. அவர்கள் இரவிகுளம் புல்வெளியைத் தங்கள் வேட்டைக்கென்று காத்துவந்ததனாலும், முதுவர் இனத்தவரைக் காவலர்களாக வைத்ததனாலும் வரையாடு அங்கே அழியாமல் தப்பியது. 1971 ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தின் வழியே அப்பகுதி அரசுக்கு வந்து, 1975 இல் சரணாலயமாகவும் 1978 இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. இன்று வார இறுதிப் பயணிகள் இராஜமலையில் வரையாட்டைப் பார்க்க வரிசையில் நிற்கும் இடம், அன்றைய துரைமார் தம் ஓய்வு நாட்களைக் கழித்த இடமே.

இரண்டு வார இறுதிகளும் ஒன்றையொன்று சந்தித்த இடம் மூணாறு கடைவீதி. அக்கடைவீதியின் வளர்ச்சியில் மாட்டுப்பட்டிக்கும் பங்கு உண்டு. 1902 இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908 இல் நீராவி இஞ்சின் ஓடும் குறுகிய பாதையாக மாற்றப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதை, மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன் வரை சென்றது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தன. போடியின் அரிசியும் துணியும் அதே வழியில் மேலேறின. தமிழ்ச் சமவெளியின் சந்தைப் பண்பாடு இம்மலைக்கு ஏறிவந்ததில் இந்தப் பாதைக்குள்ள இடம் பெரிது. 1924 ஜூலை மழையில், மலையாள ஆண்டுக் கணக்கால் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று கேரளம் முழுவதும் நினைவுகூரப்படும் பேரழிவில், மாட்டுப்பட்டியருகே மண்சரிவால் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து மூணாறை அழித்தது என்பது வட்டாரத்தில் வழங்கும் வரலாறு. இரயில்பாதை மீண்டும் போடப்படவில்லை. கடைவீதி மட்டும் மீண்டும் எழுந்தது. இரும்புப்பாதை போயும் கடைவீதி பிழைத்ததற்கு ஞாயிற்றுக்கிழமை வாடிக்கை ஒரு முக்கியமான காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இரவின் வரலாறு பகலைவிடப் பிந்தியது, அது விளக்கின் வரலாறும்கூட. பள்ளிவாசலில் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சியைக் கம்பெனி தன் தொழிற்சாலைக்காக 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மேற்கொண்டது. திருவிதாங்கூர் அரசின் பள்ளிவாசல் மின்திட்டம் 1940 இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு நீர் சேமிக்கவே 1950களில் மாட்டுப்பட்டி அணை எழுந்தது. ஆனால் அணையின் அருகிலேயே வாழ்ந்த லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் எரிந்தது. அந்த இருட்டில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தவையே தொழிலாளர்களின் இரவு நிகழ்ச்சிகள்: மாரியம்மன் திருவிழாவின் கரகமும் கூத்தும், ஊரிலிருந்து வரும் நாடகம், பின்னர் தொழிற்சங்கக் கூட்டம். கூட்டத்தைக் கலைநிகழ்ச்சியிலிருந்து பிரித்துப் பார்ப்பது இங்கே தவறாகும். 1958 மே மாதத்தில் நடந்த தேவிகுளம் சட்டமன்ற இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் அவர்களுக்காக, பண்ணைப்புரத்திலிருந்து வந்த பாவலர் வரதராஜன் தோட்டம் தோட்டமாகப் பாடினார். தெரிந்த மெட்டுகளில் கூலியையும் லயத்தையும் பாடிய அந்தப் பாட்டு, உழைத்துக் களைத்த மக்களுக்கு அரசியலாகவும் பொழுதுபோக்காகவும் ஒரே வேளையில் அமைந்தது; பின்னாளில் அவருடைய தம்பி இளையராஜா அந்தக் குழுவிலேதான் மேடையேறிப் பழகினார். தமிழ்த் திரையிசையின் ஒரு பெரிய கிளைக்கு இம்மலையின் இரவுக் கூட்டங்கள் உரமிட்டன என்பதை மூணாறு இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை, சொல்லிக்கொள்ள வேண்டும்.

கால்பந்து மற்றொரு கிளை. 1940களில் தொடங்கிய பின்லே கேடயப் போட்டிக்கென்று தோட்டங்களின் அணிகள் பழைய மூணாறு மைதானத்தில் மோதுவதும், ஒவ்வொரு தோட்டத்து மக்களும் தங்கள் அணிக்காகத் திரள்வதும் இன்றுவரை தொடர்கின்றன. பொழுதுபோக்கு வசதி செய்துதர முதலாளியைக் கட்டாயப்படுத்தும் பிரிவு தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. எனினும் மைதானமும் கட்சிக் கூட்டமும் கள்ளுக்கடையும் ஆண்களின் இடங்களாகவே இருந்தன. சாராயக் கடைகள் தோட்டத்துச் சம்பளத்தை எவ்வளவு உறிஞ்சின என்பதை 1996 ஏப்ரல் 1 முதல் கேரள அரசு சாராயத்தைத் தடைசெய்ததிலிருந்தும், மாதத்தின் முதல் நாளை மது விற்பனையற்ற நாளாகக் கேரளம் வைத்திருப்பதிலிருந்தும் ஊகிக்கலாம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்களுடைய ஞாயிறு துணி துவைத்தலிலும் விறகு சேர்த்தலிலும் வாரத்துக்கான சாமான் வாங்குதலிலும் கழிந்தது. வார இறுதி என்னும் கொடை வீட்டு வாசலைத் தாண்டி அவர்களை அடையவில்லை. 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்துத் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு சாலையில் உட்கார்ந்தனர். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்களின் ஒற்றுமை, என்று அறியப்பட்ட அந்தப் போராட்டத்தால் கடைவீதியும் சுற்றுலாவும் பல நாட்கள் நின்றன. கண்ணன் தேவன் மலையின் பொதுவெளி பெண்களால் நிறைந்த நாட்களாக அவை வரலாற்றில் நிற்கின்றன.

இன்றைய இரவுக்கு வேறு எல்லைகள் உண்டு. திருவனந்தபுரத்தில் மானவீயம் வீதியை இரவு வாழ்வுக்கெனத் திறந்துவிட்டது போன்ற ஏற்பாட்டை மாட்டுப்பட்டியில் நினைத்துப் பார்க்க முடியாது. அணைக்கரைப் புல்வெளி யானைகளுடைய மேய்ச்சல் நிலம். படையப்பா என்று மக்கள் பெயரிட்டிருக்கும் கொம்பன் யானை மாட்டுப்பட்டிச் சாலையிலும் எக்கோ பாயிண்ட் கடைகளிலும் இரவில் நடமாடுவது இவ்வட்டாரத்தில் அனைவரும் அறிந்த செய்தி. 2024 நவம்பர் 11 அன்று கொச்சி போல்காட்டியிலிருந்து கடல்விமானம் ஒன்று சோதனையாக மாட்டுப்பட்டி நீரில் வந்திறங்கியபோதும், யானைகளின் வழித்தடம் கெடும் என்ற அச்சத்தை வனத்துறை எழுப்பியது. ஆகவே இரவுக் கூட்டம் மூணாறு நகரத்துக்குள்ளேயே சுருங்குகிறது. அறை வாடகை எட்டாத பயணிகளுக்காகக் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020 இல் மூணாறு பணிமனையில் பழைய பேருந்துகளைப் படுக்கை வசதியுள்ள தங்குமிடங்களாக மாற்றிக் குறைந்த கட்டணத்தில் கொடுக்கத் தொடங்கியது.

இவ்வளவையும் தொடர்ந்து வந்தால், தேடல் மீண்டும் சட்டத்திடமே போய் நிற்கிறது. 2025 வரை நடைமுறையில் இருந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 20 ஆம் பிரிவு ஏழு நாட்களுக்கு ஒரு நாள் ஓய்வுக்கு வழிசெய்தது. அதே பிரிவு, தொழிலாளி விரும்பினால் ஓய்வு நாளிலும் வேலை செய்யலாம் என்றும், ஆனால் முழுநாள் விடுமுறை இடையிடாமல் தொடர்ந்து பத்து நாட்களுக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றும் கூறியது. கொழுந்து பொங்கும் பருவங்கள் கோடை மழைக்குப் பின்னும் பெருமழை ஓய்ந்த பின்னும் வருகின்றன. பள்ளி விடுமுறையும் ஓணம், பூசை, தீபாவளி விடுமுறைகளும் சுற்றுலாக் கூட்டத்தை மலைக்குக் கொண்டுவருவதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான். சமவெளியின் வார இறுதி மாட்டுப்பட்டியில் மிகுதியாக நிறையும் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே, கூடுதல் கூலியை எதிர்பார்த்து அந்த வெற்றுக் கட்டத்தில் தம் பெயரை எழுதச் சொல்லும் கட்டாயம் சாலைக்கு மேலே பச்சைச் சரிவில் நிற்கும் பெண்களுக்கு மிகுதியாகிறது.