எட்டு மணி இல்லாத ஊர்

காலை எட்டு, இரவு எட்டு. டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு அது ஏழாக இருக்கலாம், ஒன்பதாக இருக்கலாம். நடுவில் உள்ள பன்னிரண்டு மணி நேரம் மட்டும் பிசகக் கூடாது. சேரன்மகாதேவிப் பக்கத்தில் எங்கள் ஊரில் எட்டு மணி என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. வெயில் படித்துறையில் இறங்கினால் நாங்களும் இறங்குவோம், பசித்தால் ஏறி வருவோம். தாமிரபரணியில் முங்கும்போதே தண்ணீர் குடித்தாகிவிடும். சென்னையில் இந்த வீட்டில் குழாயைத் திறந்தால் சுத்திகரித்த தண்ணீர் வருகிறது. அதையும் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மூடிவைத்துக் குடிக்கிறேன். தொண்டை நனைகிறது, அவ்வளவுதான்.

ஆச்சி பழைய சோற்றைப் பிசைந்து, சுண்டக்கறியைத் தொட்டு, சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் உருட்டி வைப்பாள். போதும் என்று எழுந்தால், "ஏலே, இன்னும் ஒரு வாய் வாங்கிக்கோ" என்பாள். அந்தக் குரலைக் கேட்டுப் பல வருஷமாகிறது. இரவெல்லாம் ஊறிய சோறு, ஒரே கை, எத்தனையோ வாய். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் தவிர்க்கச் சொன்னதெல்லாம் அந்த ஓர் உருண்டைக்குள் இருந்தது.

எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை பரப்பிப் படுக்கவைத்துவிட்டு, ஆச்சி பக்கத்திலேயே கிடந்தாள். அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை, நரம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். இப்போது சொந்தக்காரர் வீட்டில் ஒரு குழந்தைக்கு அம்மை என்றால், நான் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. எட்டிநின்று போனில் விசாரிக்கிறேன்.

என்னுள் இருப்பது அம்மாவின் சிறுநீரகம். ஆபரேஷனுக்குப் பிறகு மாதா மாதம் பார்த்த பிசிஆர் ஒன்றில் பிகே வைரஸ் தெரிந்தது. நம்மில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்து, எந்தத் தொந்தரவும் தராமல் சிறுநீரகத்தில் தங்கிவிடுகிற கிருமி அது. கொடுத்தவரின் சிறுநீரகத்தோடு சேர்ந்தும் வரும். அப்படியானால் அம்மா பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் அவளுக்கு வந்தது, அவள் கூடவே இருந்து, இப்போது என்னிடம் வந்திருக்கலாம். 1971-ல் லண்டனில், சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவரிடம்தான் இதை முதன்முதலில் கண்டார்கள். அவர் பெயரின் முதலெழுத்துகளே கிருமிக்கும் பெயராயின. முகம் தெரியாத அந்த மனிதரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவருக்கும் ஓர் ஊர் இருந்திருக்கும்.

இதை நேராகக் கொல்ல, நம்பகமான மருந்து இன்னும் இல்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளைக் குறைப்பதுதான் வழி. எனக்கு மைக்கோஃபீனலேட்டைப் பாதியாக்கினார்கள், டாக்ரோலிமஸ் அளவையும் இறக்கினார்கள். உடம்பு கொஞ்சம் விழித்து வைரஸை விரட்ட வேண்டும். அதிகம் விழித்தால் அம்மா கொடுத்ததையே அந்நியமென்று தாக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. லெவல் பார்க்கப் போகும் காலைகளில் மாத்திரையைப் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஊதா மூடிக் குழாயில் ரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும். லேப் வாசலில் என்னைப்போலவே பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர்களைக் கண்டால், பேசாமலே ஒரு சொந்தம் வந்துவிடுகிறது.

மண்ணைச் சொல்லாமல் விட முடியாது. டாக்ரோலிமஸ் ஜப்பானில் சுகுபா மலைப் பக்கத்து மண்ணில், 1984-ல், ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. மண் கொடுத்த மருந்தில் உயிரோடு இருக்கிற எனக்கு மண்ணைத் தொடத் தடை. கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொட்டியில் ஒரு கீரை விதைகூட ஊன்றக் கூடாது. மண்ணிலுள்ள பூஞ்சை நுரையீரலுக்கு ஆகாது. எங்கள் வாழைத் தோட்டத்தில் மடை மாற்றிவிட்டால், காய்ந்த பாத்தியில் தண்ணீர் ஏற ஏற ஒரு வாசனை எழும்பும். வெறுங்காலோடு அந்தச் சேற்றில் நிற்பேன், கணுக்கால் வரை குளிரும், அப்பா அடுத்த பாத்தியிலிருந்து மண்வெட்டியால் ஓங்கி ஒரு வெட்டு வெட்டுவார், அந்தச் சத்தம் வாழைகளுக்கு நடுவே வந்து... போதும். இங்கே பளிங்குத் தரை. நாள் தவறாமல் துடைக்கிறோம்.

அம்மா நன்றாக இருக்கிறாள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இன்னமும் படித்துறைக்கு நடந்து போகிறாள். நேற்று போனில், "சித்திரைக் கொடைக்காவது வருவியாடா?" என்று கேட்டாள். வில்லுப்பாட்டு, விடிய விடியக் கூட்டம், முண்டியடித்து வாங்குகிற படைப்புச் சோறு. அந்த வாரம்தான் அடுத்த பிசிஆர் ரிசல்ட். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.